இறங்கும் கால்

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு படம்கூடத் தேறவில்லை. காலை முழுக்க ஓடுதளம் முடியும் இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தவை, அத்தனையும் மங்கல். தடைகள் தெரிகின்றன, மைதானத்தின் பின்சுவர் தெரிகிறது, நடுவில் புகை மாதிரி ஏதோ ஒன்று தாவுகிறது. அதுதான் என் மகள்.

பட்டாணி பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தாள். (கைக்குழந்தையாக இருந்தபோது வைத்த பெயர். இப்போது என்னைவிட அரையடி உயரம்.) "அம்மா, பேயைப் படம் புடிச்ச மொத ஆளு நீதான்" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு அந்தப் படம் வேண்டும். பிப்ரவரி 21இல் தேர்வு ஓட்டம், நூறு மீட்டர் தடை ஓட்டம். தேறினால் விடுதியோடு கூடிய பயிற்சி மையத்தில் இடம். அவள் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தோடு தடை தாண்டும் படம் ஒன்றும் கேட்டிருக்கிறார்கள். மற்றப் பெண்களுக்கு அப்பாக்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். இவள் அப்பா வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு இருக்கிறார். கேட்டால் ஆள் வைத்தாவது எடுத்துத் தருவார். கேட்காதே என்று நான் சொல்லவில்லை. அவளாகவே என்னிடம்தான் கேட்டாள். அதற்காகவே இந்தக் கேமராவைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

கேமராவை இரவல் தந்தவர் எங்கள் பதிப்பகத்தின் படப்பிரிவு அண்ணன். நான் மெய்ப்பு, அதாவது புரூஃப், திருத்துகிறவள். எங்கள் மேஜைகள் எதிரெதிரே. படங்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்னம்மா, செவுத்தை எடுக்கிற மோட்ல வெச்சு ஓடுற பொண்ணை எடுத்திருக்கீங்க?"

விஷயம் இதுதான். நான் வைத்திருந்தது ஒற்றை ஃபோகஸ். பட்டனைப் பாதி அழுத்தியதும், அந்தக் கணத்தில் அவள் எவ்வளவு தூரத்தில் இருந்தாளோ அங்கேயே கேமரா பூட்டிக்கொள்ளும். நான் முழுதாக அழுத்தும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள். தொடர் ஃபோகஸ் என்று இன்னொன்று இருக்கிறது. விரலை எடுக்கும்வரை தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டே கூட வருமாம்.

"இப்ப எங்க இருக்காங்கிறது மட்டுமில்ல, அடுத்து எங்க வருவாங்கிறதையும் அதுவே கணக்குப் போட்டுக்கும்" என்றார்.

நான் பட்டாணியை எந்த வயதில் பூட்டி வைத்திருக்கிறேன்? பத்தா? பதினொன்றா?

ஜனவரி 18, ஞாயிறு

தொடர் ஃபோகஸ் வைத்தேன். புகை போயிற்று. வேறு தொல்லை வந்தது. அவள் தடைக்குப் பின்னால் வரும்போதெல்லாம் கேமரா அவளைக் கைவிட்டு, குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் எது வந்தாலும் அதன் பின்னால் ஓடுகிறது. ஒரு படத்தில் பக்கத்துத் தடத்துப் பெண்ணின் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறது. யார் பெற்ற பிள்ளையோ, அழகாக இருக்கிறாள்.

"கட்டைக்கு செலக்‌ஷன் வெச்சா இந்நேரம் அதுக்கு சீட்டு கெடைச்சிருக்கும்" என்றாள் என் மகள்.

கோச் மேடம் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "அடுத்த வாரமாவது எம் பொண்ணு மொகத்தைக் கண்ணுல காட்டுங்க." எம் பொண்ணு. சுருக்கென்றது. அப்புறம் சுருக்கென்றதற்காக வெட்கப்பட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

சாலையோரம் நின்று, வருகிற போகிற சைக்கிள்களை எடுத்துப் பழகினேன். ஒருவர் இறங்கி நின்று தலையை வாரிக்கொண்டு, "எந்தப் பத்திரிகையில வரும்?" என்றார்.

ஜனவரி 25, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

அண்ணன் இரண்டு மாற்றங்கள் செய்து கொடுத்திருந்தார். ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். கட்டைவிரல் பிடித்துக்கொள்ள, ஆள்காட்டி விரல் எடுக்க. இன்னொன்று, குறுக்கே ஏதாவது வந்தால் பழைய ஆளுக்காகக் கேமரா எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்கிற அளவு. அவர் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார். "உங்க பிடிவாதத்தைக் கடைசி வரைக்கும் ஏத்தியாச்சு. இயற்கையிலேயே இருக்கிறதுதானே" என்றார்.

சின்னப் பச்சைக் கட்டம் அவள் மார்பில் குத்தியிருந்த எண்ணில் போய் உட்கார்ந்தது. கட்டை வந்தது, மறைத்தது, போனது. கட்டம் நகரவில்லை.

வலது கால் நீட்டி, இடது கால் மடிந்து, கண் அடுத்த தடையில். தாடையிலிருந்து ஒரு வியர்வைத்துளி பிரிந்து காற்றில் நிற்கிறது. நான் எடுத்த படம்!

பட்டாணி திரையை வெகுநேரம் பார்த்தாள். "இது நானா?"

"பின்ன, பேயா?"

வியர்வையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று. அந்தப் படம்தான் இப்போது அவள் ஃபோனின் முகப்பில். விண்ணப்பத்துக்கும் அதுவேதான்.

ஜனவரி 28, புதன்

மதிய இடைவேளையில் அண்ணனின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துவிடுகிற கேமரா. இதுவரை அவள் தாண்டுகிற படங்களை மட்டும்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன்று ஆசைக்கு, முதலிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகத் தள்ளினேன். தாண்டுகிறாள், இறங்குகிறாள். தாண்டுகிறாள், இறங்குகிறாள்.

இறங்குகிற படத்தில் கை நின்றது.

வலது பாதம் நேராக விழவில்லை. வெளிப்பக்கம் திருகி, ஓரத்தில் விழுகிறது. அந்த ஒரு படத்தில் கண்கள் இறுக மூடியிருக்கின்றன. கீழுதடு பல்லுக்குள். அடுத்த படத்தில் கண் திறந்துவிடுகிறது, ஒன்றுமே நடக்காத முகம். அடுத்த தடை. மறுபடியும் திருகல், மூடிய கண். கடைசித் தடைவரை இப்படியே.

சாதாரணமாகப் பார்க்கிற கண்ணுக்கு இது சிக்காது. அவ்வளவு சீக்கிரம் மறைத்துவிடுகிறாள். என் தொழிலில் ஒரு பிழை ஒரு முறை வந்தால் கைத்தவறு. எல்லாப் பக்கத்திலும் வந்தால்?

"என்னம்மா, படம் சரியில்லையா?" என்றார் அண்ணன்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

கேட்டேன். வெயிலில் கண் கூசியது என்றாள். ஓடினால் யாருக்குத்தான் வலிக்காது என்றாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். மூன்றாவதில் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"எவ்ளோ நாளாடி?"

"கொஞ்ச நாளா."

"கோச் மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உக்கார வெச்சுடுவாங்கம்மா. மூணு வாரம். மூணே மூணு வாரம். அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாலும் வாயைத் திறக்காம வர்றேன். ப்ளீஸ்மா. நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேதானே? சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 3, செவ்வாய்

சாயங்காலமானால் சோபாவில் படுத்துக் காலை என் மடியில் நீட்டுகிறாள். துண்டில் ஐஸ்கட்டி சுற்றி ஒற்றுகிறேன். பாதத்தின் மேல்பக்கம், நடுவில், ஒரு இடம். விரல் பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். அப்போது பேசுகிறாள். அப்பா வீட்டில் அவள் படுக்கும் அறையில் இன்னும் தைக்கும் மெஷின் இருப்பதை, வகுப்பில் எவளோ இவளை 'ஒட்டகம்' என்பதை, தொடக்க ஓசைக்கு முன்னால் காது அடைத்துப்போவதை. போன வருடம் முழுக்க இவள் என்னிடம் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். இந்த ஒரு வாரம் ஓயாமல் பேசுகிறாள்.

பாவி, எனக்கு இது பிடித்திருக்கிறது. அவள் வலியால் கிடைத்தது என்று தெரிந்தும் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று மைதானத்தில் அவள் தொடக்கக் கோட்டில் குனிந்தபோது, நான் கேமராவை ஒற்றை ஃபோகஸுக்கு மாற்றினேன். தெரிந்தே. தூரத்தைப் பூட்டிக்கொண்டு, அவள் அதைத் தாண்டி வந்த பிறகு அழுத்தினேன். எல்லாம் புகை. பாதம் தெரியவில்லை, கண் தெரியவில்லை. அதற்குத்தானே செய்தேன்.

"என்னம்மா, மறுபடியும் பேயா?" என்றாள்.

"கை ஆடிடுச்சு."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்க நடந்துபோனாள். நடக்கும்போதே இப்போது தெரிகிறது. கேமரா வேண்டியதில்லை.

பிப்ரவரி 11, புதன்

சொல்லிவிட்டேன்.

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. பட்டாணி பள்ளியில் இருக்கிற நேரம் பார்த்து, கோச் மேடத்தை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். பழைய பாய்களும் ரப்பர் வாடையும். படங்களைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "ஓடவிட்டிருந்தா நானே அவ காலை ஒடிச்சிருப்பேன்" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானா கண்டுபிடிச்சேன்னு சொல்லிடட்டுமா? நீங்க இங்க வந்ததே அவளுக்குத் தெரிய வேணாம். என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா. எனக்குப் பழக்கம்தான்."

நல்ல மனுஷி. சரி என்று சொல்லிவிட எவ்வளவு ஆசைப்பட்டேன்.

"வேணாம் மேடம். அவ என் மடியில காலை வெச்சுக்கிட்டு உங்களைத் திட்டுவா. நான் அதைக் கேட்டுக்கிட்டே ஐஸ் வெக்கணும். என்னால முடியாது."

சாயங்காலம் நானே சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"போட்டுக் குடுத்துட்ட" என்றாள். மெதுவாக. மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் இருக்கிறது. பாதத்தின் நடு எலும்பில் மயிரிழை விரிசல். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. முழங்கால்வரை கட்டு. தேர்வு இல்லை. எல்லாம் முடிந்தது.

நான் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஓடியிருந்தால் முறிந்திருக்கும்தானே? ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. நேர்மையான டாக்டர். பேனாவை மூடினார்.

"முறிஞ்சிருக்கலாம். ஒரே ஒரு ரேஸ்தானே, தாங்கியும் இருக்கலாம். சொல்ல முடியாதுங்க."

பட்டாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவள் என்னைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிப்ரவரி 21, சனி

இன்று. எட்டரை மணிக்கு ஓட்டம் என்று போட்டிருந்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் சமையலறையில் குழாயைக்கூடத் திறக்காமல் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அவள் ஃபோன் முகப்பில் இப்போது வெறும் கறுப்பு.

மார்ச் 1, ஞாயிறு

கட்டோடு குளிக்க நான் உதவ வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையை முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டுகிறேன். "வலிக்குதா?" என்று கேட்டால், "உனக்குத்தான் கேக்காமலே தெரியுமே" என்கிறாள்.

இன்று வெடித்தாள். "எல்லாத்துலயும் தப்பு கண்டுபுடிக்கணும் உனக்கு. சம்பளம் வாங்குற இடத்தோட நிறுத்திக்க முடியாதா? நான் என்ன உன் புரூஃபா?" இன்னும் சொன்னாள். எழுத மாட்டேன்.

அவள் அழுதது எனக்கு ஆறுதலாக இருந்தது. பைத்தியமா எனக்கு?

மார்ச் 28, சனி

பரீட்சை நேற்று முடிந்தது. இன்று கிளம்பிவிட்டாள். அப்பாவோடு, அவர் காரில். கல்லூரியும் அங்கேதானாம். அவர்களுக்குள் எப்போதோ பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு முந்தாநாள்தான் தெரியும்.

அவர் வாசலோடு நின்றார். தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். பட்டாணி பெட்டியோடு படியிறங்குகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ செஞ்சதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா மனுஷங்களைப் பார்க்கும்போதாவது கையில இருக்கிற பென்சிலைக் கீழ வெச்சிருக்கலாம்."

இத்தனை வருடம் கழித்து அவர் என்னைப் பற்றிச் சரியாக ஒன்று சொல்லியிருக்கிறார். இதைத்தான் சொல்ல வேண்டுமா.

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இருந்தாலும் அவள் படியில் ஒரு கையைச் சுவரில் வைத்தபடிதான் இறங்கினாள். மூன்றாவது படியில் வலது பாதத்தை எப்படி வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கார் திரும்பியதும்தான் தோன்றியது, முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஃபோன் செய்தேன். "சாப்பிட்டியா?" "ம்." "கால்?" "ம்." "சரி, வெச்சிடவா?" "ம்."

மே 17, ஞாயிறு

கேமராவைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை. "அலமாரியில தூங்குறதுக்கு உங்ககிட்ட இருக்கட்டும்மா. எதையாவது எடுங்க. செவுத்தையாவது எடுங்க" என்றார்.

நாற்சந்தியில் பேருந்துக்கு நிற்கும்போது சும்மா கண்ணில் வைத்தேன். முகம் தேடுகிற வசதி திறந்திருந்தது. எவர் வந்தாலும் கட்டம் அவர் கண்ணில் போய் உட்காருகிறது. பை தூக்கி வருகிறவர், ஐஸ்கிரீம் நக்குகிற குழந்தை, சண்டை போட்டபடி போகிற கணவன் மனைவி. ஒருவரை விட்டு ஒருவர். அதற்கு எல்லாரும் ஒன்றுதான். கூட்டத்தில் உயரமாக ஒரு பெண், முதுகில் பை, நீளமான எட்டு. கட்டம் அவளைப் பிடித்தது. கட்டைவிரலை எடுக்க மனம் வரவில்லை. சாலையைக் கடந்து கடைக்குள் போகும்வரை பிடித்திருந்தேன். படம் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய?

ஜூலை 12, ஞாயிறு

கோச் மேடம் கூப்பிட்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் இறங்குவதைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று. போனேன். ஓடுதளம் முடியும் இடத்தில் உட்கார்ந்ததுமே பேச்சு காதில் விழுந்தது: "ஏய், கேமரா ஆன்ட்டி வந்திருக்காங்கடி. காலை ஒழுங்கா வை."

அந்த வரிசையில் கடைசியாக நின்ற பெண் ஓடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. அவள் காலில் ஒன்றும் இல்லை, படத்தில் பிறகு பார்த்தேன். எந்தக் குறையும் இல்லாத பிள்ளையே என்னைப் பார்த்து அப்படிப் பயப்படுகிறது.

அடுத்த வாரம் முதல் பயிற்சி நேரத்தில் கேமராவை மேடத்திடமே கொடுத்து, எப்படி என்று சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அவள் அப்பா ஒரு வரி அனுப்பினார். மெதுவாக ஓட ஆரம்பித்திருக்கிறாளாம். அவள் அனுப்பச் சொல்லவில்லை என்று தனியாக இன்னொரு வரி.

அக்டோபர் 18, ஞாயிறு

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி தாமதம்.

அவள் ஊருக்கு வந்திருந்தேன். கல்லூரிகளுக்கிடையே போட்டி, தடை ஓட்டத்தில் இவளும் இருக்கிறாள் என்று அவள் அப்பாதான் சொன்னார். "நான் வரலாமா?" என்று கேட்டேன். "அவ வான்னு சொல்லல. வராதேன்னும் சொல்லல" என்றார். அது போதும் என்று காலை வண்டியில் ஏறிவிட்டேன்.

கேமராவை எடுத்து வருவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்துத்தான் வந்தேன். அது இல்லாமல் அவ்வளவு தூரத்தில் அவள் முகம் எனக்குத் தெரியாது.

பெற்றோர் உட்காரும் பக்கம் போகவில்லை. ஓட்டம் முடிகிற இடத்தைத் தாண்டி, கம்பிவேலிக்கு வெளியே, வெயிலில் நின்றேன். அவள் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான்காவது தடம். சத்தம் கேட்டது, கிளம்பினார்கள். கட்டைவிரல் தானாகவே பிடித்துக்கொண்டது, ஆள்காட்டி விரல் எடுத்துக்கொண்டே இருந்தது. பச்சைக் கட்டத்துக்குள் அவள் பெரிதாகிக்கொண்டே வந்தாள், தடைக்குத் தடை, என்னை நோக்கி. கோட்டைத் தாண்டி, ஓடிவந்த வேகத்தில் வேலிவரை வந்து நின்றாள். குனிந்து மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தாள். நேரே லென்ஸுக்குள் பார்த்தாள். கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

ஐந்தாவதாக வந்தாள். யாரோ ஒரு பெண் அவள் தோளில் துண்டைப் போட்டாள்.

நான் வேலியைவிட்டு வந்துவிட்டேன். படங்களைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். பென்சிலைக் கீழே வை.

அரை மணி கழித்து ஃபோன் அதிர்ந்தது. அவள்தான்.

"வேலிகிட்ட நின்னது நீதானே. வலது கால் எப்படி விழுதுன்னு படத்தைப் பார்த்துச் சொல்லு."

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு கேமராவைத் திறந்து, துப்பட்டாவால் வெயிலை மறைத்துக்கொண்டு, முதல் தடையிலிருந்து பார்த்தேன். இறங்குகிறாள், பாதம் நேர். கண் திறந்திருக்கிறது. அடுத்தது, நேர். அடுத்ததும் நேர். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

ஏழாவது தடையில் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கிறது. கொஞ்சம்தான். கண் மூடவில்லை, ஆனால் வாய் இறுகியிருக்கிறது. எட்டிலும் லேசாக. ஒன்பதிலும் பத்திலும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு லேசு. சொன்னால் அடுத்த ஞாயிறு ஒருவேளை என்னை வீட்டுக்குக் கூப்பிடுவாள்.

எழுதினேன்: "ஏழாவதுல வெளியே திரும்புது. எட்டுல லேசா. மத்த எல்லாம் நேரா இருக்கு. வாய் இறுகுது."

அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஒரு சரக்கு வண்டி நிற்காமல் போயிற்று, நடைமேடை முழுக்க அதிர்ந்தது. அது போய் முடிந்த பிறகுதான் பதில் வந்தது.

"எனக்கும் அங்கதான் தெரிஞ்சது. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுறேன். அந்தப் படத்தை அனுப்பு."

அம்மா என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன். படங்களை ஃபோனுக்கு மாற்றி, ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினேன். ஏழாவதை முதலில்.